ரோமில் ஒரு கோல், எர்ணாகுளத்தில் ஒரு கோப்பை

உலகக் கோப்பைப் பந்தாட்டம் வந்துவிட்டால் திருவனந்தபுரம் வலியசாலையில் இரவு நெடுநேரம் விளக்கு அணைவதில்லை. பக்கத்துச் சாலைக் கடைவீதியில் வேலை முடித்து வரும் தமிழர்களும் ஜெர்மனியா, பிரேசிலா என்று வாதில் இறங்கிவிடுவார்கள். அந்த வாதில் அடிபடாத பெயர் ஒன்று உண்டு: சைமன் சுந்தரராஜ். தமிழர்.

1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்கு முதலில் வாய்த்த எதிரி ஹங்கேரி. 1952-ல் ஒலிம்பிக் தங்கம் வென்ற நாடு. மறு ஆண்டு இங்கிலாந்தை அதன் சொந்த மைதானத்திலேயே 6-3 என்று மண்ணைக் கவ்வ வைத்த நாடு. புகழ்பெற்ற புஷ்காஸ் அப்போது அணியில் இல்லை. ஆனால் புளோரியன் ஆல்பர்ட் என்ற 18 வயது இளைஞர் இருந்தார். 1967-ல் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வானவர் இவரே. இந்தியாவுக்கு எதிராகவும் ஒரு கோல் போட்டார். பலராமன் ஒரு கோலைத் திருப்பிப் போட, இந்தியா 1-2 என்றுதான் தோற்றது. தோல்விதான்; ஆனாலும் தலைகுனிய வேண்டிய தோல்வியல்ல.

அந்தக் குழுவில் கோல் காவலர் பீட்டர் தங்கராஜ் இருந்தார். கேரளத்தின் இரிஞ்ஞாலக்குடா சந்திரசேகரனும், ஒற்றப்பாலத்தில் பிறந்த நாராயணனும் இருந்தார்கள். பிரான்சுடன் ஆட்டம் 1-1 என்று சமனாயிற்று. கடைசியில் பெரு 3-1 என்று வென்றது. அந்த ஒற்றைக் கோலைப் போட்டவர் சுந்தரராஜ். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் கடைசி கோல் அதுவே; அதன்பின் இந்தியா அங்கே தகுதி பெறவேயில்லை.

கதை அதோடு முடியவில்லை. 1973 டிசம்பரில் எர்ணாகுளத்தில் சந்தோஷ் கோப்பை இறுதி ஆட்டம். அதுவரை கேரளம் அந்தக் கோப்பையை வென்றதே கிடையாது. எதிரே ரயில்வே அணி. கேப்டன் மணி ஒருவரே மூன்று கோல் போட்டார். கேரளம் 3-2 என்று வென்றது. இன்றும் கேரளத்தில் அவர் 'கேப்டன் மணி'தான். அந்த அணியைப் பயிற்சி கொடுத்துத் தேற்றியவர் சைமன் சுந்தரராஜ்!

கேரளம் இரண்டாவது முறை கோப்பையைத் தூக்கியது 1992-ல், கோவாவை 3-0 என்று வீழ்த்தி. அந்த ஆட்டம் நடந்த ஊர் கோயம்புத்தூர்.