டிஸ்சார்ஜ் ஆகி வந்தாச்சு, இனி யாரைக் கூப்பிடுவது?

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் இருந்த அப்பாவையோ மாமியாரையோ வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டீர்கள். அங்கே மூன்று ஷிஃப்டாக நர்சுகள் பார்த்த வேலையை இனி வீட்டில் ஒருவர், பெரும்பாலும் ஒரு பெண், தனியாகப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் இதற்கு உதவி இல்லாமல் இல்லை. ஆனால் நீங்கள் வீடு திரும்பிய சேதி உங்கள் ஊர் செவிலியருக்குத் தானாகப் போய்ச் சேரும் என்று காத்திருக்காதீர்கள். போய்ச் சொன்னால்தான் தெரியும்.

எதை எடுத்துக்கொண்டு போவது? டிஸ்சார்ஜ் சம்மரியை (என்ன நோய், என்ன சிகிச்சை, இனி என்ன மருந்து என்று ஆஸ்பத்திரி எழுதித் தரும் தாள்). நாலைந்து நகல் எடுத்துவிட்டு, அசலை வீட்டிலேயே பத்திரமாக வையுங்கள். இனி போகிற இடமெல்லாம் முதலில் கேட்பது இந்தத் தாளைத்தான்.

அதில் எழுதியிருப்பது புரியவில்லையா? மாத்திரைக்குப் பக்கத்தில் 1-0-1 என்றிருந்தால் காலையில் ஒன்று, மதியம் இல்லை, இரவில் ஒன்று. எஸ்.ஓ.எஸ். என்றிருந்தால் தினமும் அல்ல, தேவைப்படும்போது மட்டும். சிறுநீர்க் குழாயோடோ மூக்குக் குழாயோடோ அனுப்பியிருந்தால் அதை எந்தத் தேதியில் மாற்ற வேண்டும் என்று கேட்டு அதே தாளில் எழுதி வாங்குங்கள். வீட்டுக்கு வந்தபின் இந்த ஒரு விவரத்துக்காக அலைகிறவர்கள் பலர்.

யாரிடம் போவது? கிராமமானால் துணை சுகாதார நிலையத்தில் இருக்கும் கிராம சுகாதார செவிலியரிடம். நகரமானால் உங்கள் பகுதியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு. எது உங்கள் நிலையம் என்று தெரியாவிட்டால் 104-ஐ அழைத்துக் கேளுங்கள். அது அரசின் மருத்துவ ஆலோசனை எண். 108 அவசரத்துக்கு மட்டும்.

அங்கே போனால் என்ன கிடைக்கும்? ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் உரிய மாத்திரையை வீட்டில் கொண்டுவந்து கொடுக்கும் திட்டம் என்றுதான் பலருக்கும் தெரியும். படுத்த படுக்கையாக இருப்பவர்களின் வீட்டுக்கு இயன்முறை மருத்துவரும் (பிசியோதெரபிஸ்ட்) ஆதரவு சிகிச்சை செவிலியரும் வருவது அதே திட்டத்தில்தான் இருக்கிறது. அந்தப் பட்டியலில் உங்கள் வீட்டின் பெயர் ஏற வேண்டும். நகலைக் கொடுத்து, முகவரியும் கைபேசி எண்ணும் எழுதப்பட்டதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

“தனியார் ஆஸ்பத்திரியில்தானே பார்த்தோம், வருவார்களா?” என்று தயங்க வேண்டாம். நோயாளி அந்தப் பகுதியில் குடியிருக்கிறார் என்பதைச் சொல்லிப் பதிவு செய்யுங்கள்.

தினமும் வருவார்களா? மாட்டார்கள். ஒரு வட்டாரம் முழுவதையும் ஒரே குழு சுற்றி வரவேண்டியிருக்கும். அதனால் பிசியோதெரபிஸ்ட் வரும் நாளில் அவர் கை காலை அசைக்க வைக்கும் விதத்தைக் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டு, மற்ற நாட்களில் அதையே பார்த்து நீங்கள் செய்யுங்கள். செயலிழந்த பக்கத்துக் கையைப் பிடித்து இழுத்து எழுப்பக் கூடாது, தோள் மூட்டு நழுவிவிடும். எப்படித் தாங்கி எழுப்புவது என்பதை அவர் முன்னால் நீங்களே ஒருமுறை செய்து காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஆதரவு சிகிச்சை (வலியையும் அவதியையும் குறைக்கும் பராமரிப்பு) என்றாலே கடைசிக் கட்டம் என்று பலரும் பயப்படுகிறார்கள். வேண்டாத பயம். புண்ணுக்குக் கட்டுப் போடுவது, சிறுநீர்க் குழாயைக் கவனிப்பது, மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி கொடுக்கச் சொல்லித் தருவது எல்லாம் அந்தச் செவிலியரின் வேலைதான். சென்னையில் டீன் அறக்கட்டளை போன்ற அமைப்புகளும் வீட்டுக்கு வந்து இந்தச் சேவையைத் தருகின்றன.

படுக்கைப் புண் விஷயத்தில் மட்டும் யாருக்காகவும் காத்திருக்காதீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள். குளிப்பாட்டும்போது குதிகால், இடுப்பின் பின்பக்க எலும்பு, தோள்பட்டை, பின்தலை ஆகிய இடங்களைத் தொட்டுப் பாருங்கள். சிவந்திருக்கும் இடத்தை விரலால் அழுத்தினால் வெளுத்துப் பிறகு சிவக்க வேண்டும். கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. அந்த இடம் சுற்றிலும் இருப்பதைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். அழுத்தியும் நிறம் மாறவில்லை, அல்லது அப்படிச் சூடோ கெட்டியோ தெரிகிறது என்றால் புண் தொடங்கிவிட்டது. அன்றைக்கே செவிலியருக்குப் போன் செய்யுங்கள்.

கட்டில், ஏர் பெட், வீல் சேர் எல்லாம் வாங்கியே ஆக வேண்டுமா? அவசரப்படாதீர்கள். ஏர் பெட் மட்டும் சொந்தமாக இருப்பது நல்லது. தலைப்பக்கம் உயர்த்தும் கட்டில் மாத வாடகைக்குக் கிடைக்கிறது. வீல் சேரையும் வாக்கரையும் இரவல் தரும் ரோட்டரி, லயன்ஸ் சங்கங்கள், சர்ச்சுகள், பள்ளிவாசல்கள் பல ஊர்களில் உண்டு. கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம், ஒருவர் வீட்டில் வேலை முடிந்த பொருள்தான் அங்கே வந்து கிடக்கிறது.

மருந்துச் செலவு? முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்தவர் என்றால், ஆஸ்பத்திரியின் காப்பீட்டு உதவி மேசையில் ஒரு கேள்வி கேளுங்கள்: “வீட்டுக்குப் போன பின் எத்தனை நாள் மருந்து இதில் அடக்கம்?” இத்திட்டம் இணைந்திருக்கும் ஆயுஷ்மான் பாரத் விதிப்படி 15 நாள் வரை அடக்கம். சந்தேகம் இருந்தால் 1800 425 3993. அதற்குப் பிறகு அரசு ஆஸ்பத்திரியிலேயே மாத்திரை வாங்கலாம். வெளியே வாங்க வேண்டியதானால், ஜெனரிக் மருந்து (கம்பெனிப் பெயரில்லாமல் மூலப்பெயரில் விற்பது) விற்கும் மக்கள் மருந்தகமும், 2025 பிப்ரவரி 24 அன்று மாநிலம் முழுக்க 1,000 இடங்களில் திறக்கப்பட்ட முதல்வர் மருந்தகமும் உண்டு. மருந்தை மாற்றும் முன் மூலப்பெயரும் மில்லிகிராம் அளவும் ஒன்றுதானா என்று டாக்டரிடம் காட்டிக்கொள்ளுங்கள்.

சில மாதம் ஆகியும் கை கால் திரும்பவில்லையா? மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். பக்கவாதம் வந்த உடனே தரமாட்டார்கள், எவ்வளவு தேறுகிறது என்று பொறுத்துப் பார்த்துத்தான் சதவீதம் போடுவார்கள். கலெக்டர் அலுவலகத்தை ஒட்டி இயங்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். பாதிப்பு 40 சதவீதத்தைத் தொட்டால் பல சலுகைகளுக்கு வழி திறக்கும். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை இருக்கிறது. பிசியோதெரபிக்கு டவுன் பஸ்ஸில் போவதானால், சாதாரணக் கட்டணப் பேருந்தில் நோயாளிக்கும் கூடப் போகும் ஒருவருக்கும் டிக்கெட் இல்லை.

பென்ஷன்காரரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போய் ‘உயிரோடு இருக்கிறார்’ என்று காட்ட வேண்டியதில்லை. டிஜிட்டல் உயிர்வாழ் சான்றிதழுக்கு (பென்ஷன் தொடர ஆண்டுதோறும் தரும் சான்று) தபால்காரரே வீட்டுக்கு வந்து விரல் ரேகை எடுப்பார். தபால் நிலையத்தில் சொல்லி வையுங்கள். 70 வயதைக் கடந்தவர்களுக்கு வீட்டுக்கே வந்து சேவை தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017-லேயே வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. உங்கள் கிளையில் எழுதிக் கேளுங்கள்.

கூலிக்கு ஆள் வைப்பதென்றால் ஒன்றைப் பிரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். ஏஜென்சிகள் ‘நர்ஸ்’ என்று அனுப்புகிறவர்களில் பலர் செவிலியர் படிப்புப் படித்தவர்கள் அல்ல, உதவியாளர்கள்தான். புரட்டிப் படுக்கவைக்க அவர்கள் போதும். ஊசி போடவும் குழாய் மாற்றவும் விடாதீர்கள். எத்தனை மணி நேரம், லீவு எடுத்தால் மாற்று ஆள் உண்டா என்பதை முதல் நாளே எழுதி வாங்குங்கள்.

கடைசியாக, பார்த்துக்கொள்கிற நீங்கள். தூக்கம் கெட்டு, சின்ன விஷயத்துக்கெல்லாம் நோயாளி மேல் எரிந்து விழுகிறீர்களா? அது கெட்ட மனசு அல்ல, அலுப்பு. மனசு தாங்கவில்லை என்றால் 14416 (டெலிமானஸ் மனநல உதவி எண்), எந்த நேரமும், காசில்லாமல். முதியவர்கள் சம்பந்தமான எதற்கும் 14567, காலை 8 முதல் இரவு 8 வரை.

பார்க்க வருகிற உறவுக்காரர்கள் “ஏதாவது வேணும்னா சொல்லுங்க” என்பார்கள். அதை உபசாரப் பேச்சாக விட்டுவிடாதீர்கள். ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளும் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணி நேரம் வந்து உட்காருங்கள் என்று நாளையும் நேரத்தையும் சொல்லிக் கேளுங்கள். அந்த மூன்று மணி நேரம் வீட்டு வேலை பார்க்காமல் தூங்குங்கள்.