கடல் பார்க்கக் கீழே இறங்குவோமா?

கியா பார்மில் குளிருக்குப் பஞ்சமில்லை; கடலுக்குத்தான் பஞ்சம். "கடலு எப்படிப்பா இருக்கும்?" என்று பிள்ளை கேட்டால், "அடுத்த வருஷம் பார்ப்போம்" என்று தள்ளிப் போடுகிறோம். வருஷ லீவு யாரும் போடும் பிச்சையல்ல, தோழர்களே! 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, ஒரு வருஷம் முடித்தவருக்குச் சம்பளத்தோடு 8 நாள். இரண்டு வருஷமானால் 12, ஐந்து வருஷமானால் 16. காலத்தோடு எடுக்காவிட்டால் அதுவும் கைநழுவிப் போகும்.

கம்போங் ராஜா வழியாகச் சிம்பாங் பூலாய் இறங்கி, ஈப்போ தாண்டினால் லூமுட். அங்கே பெர்ரி ஏறினால் பங்கோர் தீவு. மாசி மகத்துக்குப் போனால், கடலோரப் பத்திரகாளியம்மன் கோயில் திருவிழாவும் பார்க்கலாம். சோற்றைக் கட்டிக்கொண்டு போங்கள், கடைச் சாப்பாடு கையைக் கடிக்கும். மாற்றுத்துணி இரண்டு செட்டாவது வேண்டும். பிள்ளைங்க தண்ணிய விட்டு வரவே மாட்டாங்க!