கார்புரேட்டரை முதலில் தொடாதீர்கள்!

பழைய புரோட்டோன் சாகா வைத்திருப்பவர்களுக்கு இந்த நடுக்கம் பழக்கமானது. சாலையில் போகும்போது கார் ஒழுங்காகத்தான் ஓடும். சமிக்ஞை விளக்கில் நின்றதும் ஸ்டீயரிங் குலுங்கும், டேஷ்போர்டு கடகடக்கும். சில வேளைகளில் இயந்திரமே அணைந்துவிடும். பட்டறையில் இதை "ஐட்லிங் சரியில்லை" என்பார்கள்.

சாகா 1985 ஜூலையில் அறிமுகமானது. அதே ஆண்டு பினாங்குப் பாலம் திறக்கப்பட்டபோது, அன்றைய பிரதமர் மகாதீர் ஒரு சாகாவை ஓட்டிக்கொண்டுதான் பாலத்தைக் கடந்தார். எங்கள் மாக் மண்டினில் இன்றும் சில வீட்டு வாசல்களில் பழைய சாகா நிற்கிறது. இந்தக் காரில் ஸ்கேனரைச் செருக இடமில்லை. கோளாற்றைக் காது, கண், மூக்கு, யோசனை ஆகியவற்றைக் கொண்டுதான் கண்டுபிடிக்க வேண்டும். மாணவர்களே, நமக்கு இது நல்ல பயிற்சி.

நிற்கும்போது மட்டும் ஏன்?

படிவம் 5 இயற்பியலில் பெர்னூலி தத்துவம் படிக்கிறோம். கார்புரேட்டரின் குறுகிய கழுத்தில் காற்று வேகமாகப் பாயும்போது அங்கே அழுத்தம் குறைகிறது, பெட்ரோல் மேலே இழுக்கப்படுகிறது. ஆனால், கார் நிற்கும்போது காற்றுக் கதவு ஏறக்குறைய மூடியிருக்கும். கழுத்தில் காற்றின் வேகம் போதாது. அப்போது கதவுக்குக் கீழே உள்ள ஒரு நுண்ணிய துளை வழியாகத்தான் பெட்ரோல் வருகிறது. கதவுக்கு அப்பால் உள்ள குழாயில் வெற்றிட இழுப்பும் அப்போதுதான் மிகுதி.

1 கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று தேவை. ஐட்லிங்கில் உள்ளே போகும் காற்றே கொஞ்சம்தான். அதில் ஒரு விரிசல் வழியாகக் கூடுதல் காற்று புகுந்தால் கலவை கெட்டுவிடும். வேகமாக ஓடும்போது அதே கசிவு பெருங்காற்றில் கரைந்துவிடும். ஆகவே, "ஓடினால் சரி, நின்றால் நடுக்கம்" என்பதே நமக்குக் கிடைக்கும் முதல் துப்பு.

ஒரு சிறு கணக்கு

ஐட்லிங்கில் இயந்திரம் நிமிடத்திற்கு 800 முறை சுழல்கிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு வீச்சு இயந்திரத்தில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுழற்சிக்கு ஒருமுறை எரியும். நான்கு சிலிண்டர்களும் சேர்ந்து நிமிடத்திற்கு 1,600 முறை எரியும். ஒரு சிலிண்டர் செயல்படாவிட்டால் வினாடிக்கு ஏறக்குறைய 7 முறை இயந்திரம் தடுமாறும். சீரான இடைவெளியில் வரும் குலுக்கல் ஒரு சிலிண்டரைச் சந்தேகிக்கச் சொல்கிறது. ஒழுங்கற்று ஏறி இறங்கும் ஓட்டம் காற்றுக் கசிவையோ கலவையையோ சந்தேகிக்கச் சொல்கிறது.

எந்த வரிசையில் தேடுவது?

முதலில் கேள்வி கேளுங்கள். குளிர்ந்த நிலையில் நடுங்குகிறதா, சூடான பிறகா? சூடான பிறகும் கரும்புகையும் பெட்ரோல் வாடையும் வந்தால் சோக் திறக்காமல் சிக்கியிருக்கலாம்.

இரண்டாவது, தீப்பொறி. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வைத்துப் பாருங்கள். இளம்பழுப்பு நிறம் நல்லது. ஒன்று மட்டும் ஈரமாக இருந்தால் அந்தச் சிலிண்டரில் பெட்ரோல் எரியவில்லை. பிளக், ஒயர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும்.

மூன்றாவது, காற்றுக் கசிவு. நம் நாட்டு வெயிலும் இயந்திரச் சூடும் ரப்பர் குழாய்களை இறுக வைத்து விரிசல் விழச் செய்யும். "ஸ்ஸ்" என்ற சத்தத்தைக் கவனியுங்கள். குழாய்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பிடியுங்கள். ஒன்றைப் பிடித்ததும் ஓட்டம் சீரானால், கசிவு அந்த வழியில்தான்.

நான்காவது, வால்வு இடைவெளி, டைமிங், கம்ப்ரஷன். இவை அனுபவமுள்ள மெக்கானிக்கின் வேலை.

கார்புரேட்டர் கடைசியில்தான். கலவைத் திருகைத் தொடுமுன் அது எத்தனை சுற்றில் இருந்தது என்று எழுதி வையுங்கள். திருகினாலும் ஓட்டத்தில் மாற்றமே இல்லையென்றால், ஐட்லிங் துளை அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். பெரும்பாலும் சுத்தம் செய்தாலே போதும்.

வரிசையின் விலை

என் உறவினர் ஒருவரின் சாகாவைப் பார்த்த ஒரு பட்டறையில் புதிய கார்புரேட்டர் மாற்றச் சொன்னார்கள். அவருக்கு மனம் ஒப்பவில்லை. மாக் மண்டினில் உள்ள வயதான மெக்கானிக் ஒருவரிடம் காட்டினார். அவர் கேட்ட முதல் கேள்வி, "பிரேக் மிதி இறுக்கமாக இருக்கிறதா, தம்பி?" என்பதுதான். ஆம், இருந்தது. பிரேக் பூஸ்டருக்குப் போகும் வெற்றிடக் குழாயில் விரிசல். சில வெள்ளிச் செலவில் நடுக்கம் நின்றது. அதைவிட முக்கியம், பிரேக்கும் பழையபடி பிடித்தது. கார்புரேட்டரை மாற்றியிருந்தால் பணமும் போயிருக்கும், ஆபத்தும் அப்படியே இருந்திருக்கும்.

புதிய கார்களில் கணினி பிழைக் குறியீட்டைக் காட்டும். ஆனால், அந்தக் குறியீடு காட்டும் பாகமே பழுது என்று சொல்லிவிட முடியாது. காரணத்தைத் தேடும் வேலை அங்கேயும் மனிதனுக்குத்தான். வாகனத் துறையில் சேர நினைப்பவர்கள் பழைய கார் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் விடுமுறையில் சில நாள் உடன் நின்று பாருங்கள்.

கவனிக்க: காற்றோட்டமுள்ள வெட்டவெளியில், பெரியவர் ஒருவரின் மேற்பார்வையில் மட்டும் சோதியுங்கள். மூடிய இடத்தில் புகைக்குழாய் வாயு உயிரைப் பறிக்கும். கை பிரேக்கைப் போட்டு வையுங்கள். தளர்ந்த ஆடையும் தலைமுடியும் விசிறியில் சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இயந்திரம் ஓடும்போது பிளக் ஒயரைக் கையால் தொடாதீர்கள்.