கறுத்த மலத்தைக் கவனியுங்கள்

நாயின் மலத்தில் ஒரு சொட்டு சிவப்பு தெரிந்தாலும் வீடே பதறிவிடுகிறது. அதே நாய் கன்னங்கரேலென்று போனால், “நேற்று ஈரல் போட்டோமே, அதுதான்” என்று விட்டுவிடுகிறோம். அதிகம் பயப்பட வேண்டியது பெரும்பாலும் அந்தக் கறுப்புக்குத்தான்.

சிவப்பு ரத்தம் பொதுவாகப் பெருங்குடலிலிருந்தோ ஆசனவாய்ப் பக்கமிருந்தோ வருவது. மலத்தின் மேல் லேசாக, சளியோடு சேர்ந்து தெரிந்தால் பெருங்குடல் அழற்சியாக இருக்கலாம். நாய் வழக்கம்போல் தின்று விளையாடினால் ஒரு நாளுக்குள் மருத்துவரிடம் காட்டினால் போதும். கறுப்பு அப்படியல்ல. இரைப்பையிலோ சிறுகுடலிலோ கசிந்த ரத்தம் செரித்து நிறம் மாறி, தார் போல ஒட்டும் பதத்தில், கெட்ட வாடையோடு வெளியேறுகிறது. ஈரலும் இரும்புச்சத்து மருந்தும்கூட மலத்தைக் கறுப்பாக்கும் என்பது உண்மைதான். சந்தேகம் இருந்தால் கையுறை போட்டுக்கொண்டு, ஈரமான வெள்ளை டிஷ்யூ தாளில் கொஞ்சம் தடவிப் பாருங்கள். ஓரத்தில் செம்பழுப்பு படர்ந்தால் தாமதிக்காமல் கிளம்புங்கள். படரவில்லை என்பதற்காக ரத்தமே இல்லை என்று முடிவுகட்டிவிட வேண்டாம்.

கூடவே மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும். ஈறு வெளிறியிருந்தால் அது அவசரம். இரவு என்றும் பார்க்காதீர்கள்.

கறுப்புக்கு நம் வீடுகளில் அடிக்கடி காரணமாவது மனிதர்களின் வலி மாத்திரை. நாய் நொண்டுகிறதே என்று இபுபுரூஃபனோ டைக்ளோஃபினாக்கோ கொடுக்கிறார்கள். அது இரைப்பையைப் புண்ணாக்கிவிடுகிறது. உண்ணிக் காய்ச்சலில் ரத்தத் தட்டணுக்கள் குறைவதாலும் உள்ளே ரத்தம் கசியலாம். காது மடலையும் கால்விரல் இடுக்கையும் தடவிப் பார்த்தால் உண்ணி கைக்குத் தட்டுப்படும். குட்டிகளுக்குக் கொக்கிப்புழு. குடலில் பல்லைப் பதித்து ரத்தம் குடிக்கும் இந்தப் புழுவே ஒரு சின்னக் குட்டியைச் சாகடிக்கப் போதும்.

குட்டிகள் விஷயத்தில் பார்வோவையும் சொல்லியாக வேண்டும். 1970களின் பிற்பகுதியில் உலகெங்கும் பரவிய வைரஸ் இது. முதலில் சோர்வு, பிறகு வாந்தி, பிறகு குமட்டும் நாற்றத்தோடு ரத்தப் பேதி. தடுப்பூசி முடிக்காத குட்டிக்கு இப்படி வந்தால் ஒரு மணி நேரமும் வீணாக்கக் கூடாது. உடம்பில் நீர் வற்றித்தான் பெரும்பாலான குட்டிகள் இறக்கின்றன. ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கும் ஊசியைப் பதினாறு வாரம் வரை இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் போட வேண்டும். முதல் ஊசியோடு நிறுத்திக்கொள்பவர்கள் ஏராளம். அதுதான் வருத்தம். வைரஸ் மண்ணில் பல மாதம் கிடக்கும் என்பதால், ஒரு குட்டி இறந்த வீட்டில் அடுத்த குட்டியை, ஊசி முடியாமல், உடனே கொண்டுவராதீர்கள்.

மற்றவற்றில் இத்தனை அவசரம் இல்லை. மலத்திலோ வாலடியிலோ அரிசி அளவில் வெள்ளைத் துணுக்குகள் நெளிந்தால் நாடாப்புழு. தெள்ளுப்பூச்சியை விழுங்குவதால் வருவது; தெள்ளை ஒழிக்காமல் புழுமருந்து மட்டும் கொடுத்தால் திரும்ப வரும். வெளுத்து, காய்ந்து, பொடியாக உதிர்ந்தால் எலும்பு அதிகமாகிவிட்டது. நன்றாகத் தின்றும் மெலிந்துகொண்டே போய், வெளிறிய எண்ணெய்ப் பிசுக்கான மலத்தைக் குவியலாகப் போனால் கணையத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். ஜெர்மன் ஷெப்பர்டுகளிடம் இது அதிகம்.

மருத்துவரிடம் போகும்போது அன்று போன மலத்தில் கொஞ்சம் மூடியுள்ள சுத்தமான டப்பாவில் எடுத்துச் செல்லுங்கள். எப்போது தொடங்கியது, என்ன தின்றது, கடைசியாக எப்போது புழுமருந்து கொடுத்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள். வீட்டிலிருந்த மாத்திரை எதையாவது கொடுத்திருந்தால் தயங்காமல் அதையும் சொல்லிவிடுங்கள். தரப்போகும் மருந்தே அதைப் பொறுத்து மாறும்.