மூன்று விரல் நுழைகிறதா உங்கள் வாயில்?

அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவர் அவர். வயது நாற்பதுகூட ஆகவில்லை. மனைவிதான் இழுக்காத குறையாக அழைத்து வந்திருந்தார்.

"காரமே ஆக மாட்டேங்குது ஐயா. சாம்பாரை வாயில வெச்சாலே எரியுதுங்கிறார். சூடு தணிய ஏதாச்சும் குடுங்க!"

"வாயைத் திறங்க" என்றேன். ஒரு விரல்தான் நுழைந்தது. கன்னத்தின் உட்புறம் வெளிறி, தோல் வார் போல் இறுகிக் கிடந்தது.

"பாக்குத்தூள் எத்தனை வருஷமா?"

"பதினஞ்சு வருஷமா ஐயா... ராத்திரி லோடு. தூக்கம் வரக்கூடாதே!"

இது சூடு அல்ல. பாக்கு செய்த வேலை. பாக்கில் உள்ள ரசாயனம் கன்னச் சதையில் நார்களைத் திரளச் செய்கிறது. வருடம் ஆக ஆக அது இறுகி, வாய் பூட்டிக்கொள்கிறது. இறுகியதைப் பழையபடி முழுவதும் தளர்த்தும் மருந்து சித்தத்திலும் இல்லை, ஆங்கில முறையிலும் இல்லை. இது புற்றுநோய்க்கும் வாசலாகலாம்.

"புகையிலை போடறதில்லையே, வெறும் பாக்குதானே?" என்று கேட்காதீர்கள். பாக்கு தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லேயே சொல்லிவிட்டது. 2013-ல் தமிழக அரசு குட்காவைத் தடை செய்தது. ஆனாலும் பழக்கம் போகவில்லையே!

ஆண்களுக்கு ஏன் அதிகம்?

2016-17-ல் எடுத்த கணக்குப்படி, இந்தியாவில் 100 ஆண்களில் 42 பேர் ஏதோ ஒரு வகையில் புகையிலை உபயோகித்தார்கள். பெண்களில் 14 பேர்தான். பீடி, சிகரெட்டோடு மதுவும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு. பெரம்பலூரில் மக்காச்சோளம் போடுகிறவரானாலும் சரி, ஆபீசில் ஃபைல் பார்க்கிறவரானாலும் சரி, ஆண்களிடம் ஒரு பேச்சு உண்டு: "பல்லுதானே, பார்த்துக்கலாம்!" வலி வந்தால் கிராம்பு, வலி போனால் மறதி. சர்க்கரை நோய் உள்ளவருக்கு ஈறு சீக்கிரம் கெடும். கெட்ட ஈறு சர்க்கரையையும் ஏற்றிவிடும்.

ஆலும் வேலும்...

"ஆலும் வேலும் பல்லுக்குறுதி" என்பது நம் பழமொழி. வேல் என்றால் கருவேல். நம் ஊரில் ரோட்டோரமெல்லாம் மண்டிக் கிடக்கிறதே சீமைக் கருவேலம், அது வேறு, அதை ஒடிக்காதீர்கள். குச்சியின் நுனியை மென்று பூப்போல ஆக்கிய பிறகே தேய்க்க வேண்டும். செங்கல் தூள், சாம்பல், மணல் கூடவே கூடாது. பல்லின் மேல்பூச்சு தேய்ந்து கூச்சம் வந்துவிடும். பேஸ்ட்டும் பிரஷ்ஷும் தாராளமாக உபயோகிக்கலாம். காலையில் மட்டும் போதாது, இரவும் துலக்குங்கள்.

ஈறு வீங்கி ரத்தம் கசிந்தால், திரிபலா சூரணம் ஒரு டீஸ்பூன் எடுத்து, இரண்டு டம்ளர் நீரில் ஒரு டம்ளராகச் சுண்டக் காய்ச்சி, வடிகட்டி, வெதுவெதுப்பாகக் கொப்பளியுங்கள். ஈறு இறுகும். ஆனால் இது சொத்தையை அடைக்காது; படிந்த காரையையும் நீக்காது. அதற்குப் பல் டாக்டரிடம்தான் போக வேண்டும். சித்த வைத்தியனான நானே சொல்கிறேன்!

கண்ணாடி முன் இரண்டு நிமிடம்

மாதம் ஒருமுறை வெளிச்சத்தில் நின்று பாருங்கள்.

* நடு மூன்று விரல்களைச் செங்குத்தாகச் சேர்த்தால் வாய்க்குள் நுழைகிறதா?
* கன்னத்திலோ நாக்கின் ஓரத்திலோ வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு இருக்கிறதா?
* இரண்டு வாரமாகியும் ஆறாத புண் உண்டா?
* காரணமில்லாமல் பல் ஆடுகிறதா?

ஏதாவது ஒன்று இருந்தாலும் கைவைத்தியம் வேண்டாம். உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். புகையிலையை விட முடியவில்லையா? 1800-11-2356 என்ற இலவச எண்ணில் ஆலோசனை சொல்கிறார்கள்.

அந்த லாரிக்காரரையும் அப்படித்தான் அனுப்பினேன். சதைச் சோதனையில் புற்று இல்லை என்று வந்தது. இப்போது அவர் பாக்கைத் தொடுவதில்லை. சட்டைப் பையில் சோம்பும் ஏலக்காயும் இருக்கின்றன. மனைவி போட்டு அனுப்புகிறார். வாய் இன்னும் முழுதாகத் திறக்கவில்லை. இரண்டு விரல் நுழைகிறது. "இட்லியைப் பிட்டுப் பிட்டுப் போட்டுக்கிறேன் ஐயா" என்கிறார். ஐந்து வருடம் முன்னால் வந்திருந்தால்...

இன்று இரவே உங்கள் வீட்டு ஆண்களை வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள்.