தொடையென்பின் முறுகலும் சிறார் நடையும்

என்பு மருத்துவத்துக்கு மேனாட்டார் வழங்கும் 'ஓர்த்தோபீடிக்ஸ்' என்னும் பெயர், 1741ஆம் ஆண்டில் நிக்கொலா அந்திரி என்னும் பிரெஞ்சு மருத்துவர் ஆக்கிய சொல்லின் வழி வந்ததாகும். நேர்மை, குழந்தை எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்கள் அதனுட் பொதிந்துள்ளன. சிறார் உறுப்பின் கோணலை நீக்குதலே இம்மருத்துவத்தின் தொடக்க நோக்கம் என்பதை அப்பெயரே உணர்த்தும். ஆயின், கோணலெல்லாம் கத்திக்கு உரியனவோ எனின், அல்ல என்பதே இற்றைநாள் மருத்துவர் விடை. தொடையென்பின் முறுகல் இதற்குத் தக்க சான்றாகும்.

கண்டி நகரிலும் அதனைச் சூழ்ந்த தோட்டப் பகுதிகளிலும், ஏனைய இடங்களிற் போலவே, பாதங்கள் உட்புறந் திரும்ப நடக்குஞ் சிறாரைக் காணலாம். அவர்கள் ஓடுங்கால் இடறி விழுவர். சப்பணமிட்டு அமர இடர்ப்படுவர். முழந்தாளிட்டு, பாதங்களை இருபுறமும் விரித்து, அவற்றினிடையே அமர்வர். கோயில் மண்டபத்திலோ வகுப்பறையிலோ ஒழுங்காக அமரவில்லையென்று பெரியோர் கடிவதுமுண்டு. பிள்ளையின் குற்றம் இதில் யாதுமில்லை. என்பின் அமைப்பே காரணம்.

தொடையென்பின் தலை இடுப்புக் குழியிற் பொருந்துவது; தலையைத் தண்டுடன் இணைப்பது கழுத்து. முழங்கால் நேர்முன் நோக்கியிருக்கையில் அக்கழுத்து சற்றே முன்புறந் திரும்பியிருக்கும். பிறந்த குழந்தையில் இத்திருப்பம் ஏறத்தாழ 40 பாகை. வளர்ந்தோரில் ஏறத்தாழ 15 பாகை. குறைய வேண்டிய அளவு குறையாதவிடத்து, தலை குழியில் நன்கு பொருந்தும்பொருட்டுக் கால் முழுவதும் உட்புறந் திரும்புகின்றது.

பெரும்பாலான பிள்ளைகளில் இஃது 8 முதல் 10 வயதுக்குள் தானே சீர்ப்படும். தனிப்படச் செய்த சப்பாத்தும் கட்டுக்கோலும் அதனை விரைவுபடுத்தா. எனவே, பொறுத்திருந்து நோக்குதலே முதன் மருந்து. ஒரு காலில் மட்டும் திருப்பம் மிகுந்திருப்பினும், வலியோ நொண்டலோ தோன்றினும் மருத்துவரை உடன் நாடல் வேண்டும்.

அவ்வயது கடந்தும் முறுகல் மிகுந்து நடையைக் கெடுப்பின், சத்திரசிகிச்சை ஆராயப்படும். பிள்ளையைக் குப்புறக் கிடத்தி, முழங்காலை மடித்து, தொடை உள்ளும் புறமும் எத்துணைப் பாகை சுழல்கின்றதென அளப்பர். மயக்கமருந்து கொடுத்தபின் என்பைக் குறுக்கே வெட்டி, கீழ்த்துண்டை வேண்டிய அளவு வெளிப்புறஞ் சுழற்றி, தகடும் திருகாணியும் கொண்டோ, என்பினுள்ளே செலுத்தும் உலோகக் கோல் கொண்டோ இறுக்குவர். வெட்டுவாய் பொருந்தச் சில மாதங்கள் செல்லும். கிருமித்தொற்றும் என்பு பொருந்தாமையும் நேரக்கூடும். சுழற்சி மிகுதலும் குறைதலும் உண்டு. சிறு குறைக்காக இதனை நாடலாகாமைக்குக் காரணம் இதுவே.

மூளைவாதமுற்ற சிறாரின் நிலை வேறு. தசைகள் இறுகியிருத்தலின் அவர்களில் முறுகல் தானே நீங்குதல் அரிது. காலத்தோடு செய்யுஞ் சத்திரசிகிச்சை பலருக்கு நடையை எளிதாக்கும். வளர்ச்சியிடையே முறுகல் சிலரில் மீளவுங்கூடும்.

கண்டித் தேசிய வைத்தியசாலையும், பேராதனையிலுள்ள சிறிமாவோ பண்டாரநாயக்க சிறப்புச் சிறுவர் வைத்தியசாலையும் இப்பகுதி மக்களுக்குக் கட்டணமின்றிப் பணிபுரிகின்றன. அவ்வாயிலை அடையுமுன், விளையாட்டிடத்தில் இடறி விழும் பிள்ளையை முதலிற் காண்பவர் ஆசிரியரே. அவர் அப்பிள்ளையை நகைக்காது பெற்றோர்க்கு அறிவுறுத்துவாராயின், வேண்டாத கத்தியும் வேண்டிய கத்தியின் தாமதமும் ஒருங்கே விலகும்.