ரேடியோவின் கண்ணாடி மூடி

புத்தகங்கள் அடுக்கிய கண்ணாடி அலமாரியின் முன்னால் நேராக நின்று பாருங்கள். உள்ளே இருப்பவை தெளிவாகத் தெரியும். பக்கவாட்டில் நகர்ந்து, மிகச் சாய்வாகப் பாருங்கள். புத்தகங்கள் மங்கி, எதிர்ச் சன்னலின் பிம்பம் பளபளக்கும். மாறியது கண்ணாடியா? இல்லை, நீங்கள் பார்க்கும் கோணம்தான்.

"படம் வரைகிறவனுக்கு இயற்பியல் எதற்கு சார்?" என்று என் மாணவன் ஒருவன் கேட்டான். அவனுக்கு ஒரு ரேடியோவைக் காட்டி விடை சொன்னேன்.

ஜெர்மனியின் பிரவுன் நிறுவனம் 1956-இல் எஸ்.கே.4 என்னும் ரேடியோவை வெளியிட்டது. இசைத்தட்டுக் கருவியும் அதிலேயே இருந்தது. வடிவமைத்தவர்கள் ஹான்ஸ் குகெலாட், டீட்டர் ராம்ஸ். வெள்ளைத் தகட்டு உடல், இருபுறமும் மரப்பலகை, மேலே ஒளி ஊடுருவும் அக்ரிலிக் மூடி.

இத்தகைய பழைய ரேடியோக்களை இன்று கலைஞர்கள் கணிப்பொறியில் முப்பரிமாணத்தில் மீண்டும் உருவாக்குகிறார்கள். நீள அகலங்களைப் பழைய புகைப்படங்களிலிருந்து கணித்துவிடலாம். ஆனால் அந்த மூடியை எப்படிக் காட்டுவது?

கணிப்பொறி, பார்ப்பவரின் கண்ணிலிருந்து ஒளிக்கதிரைப் பின்னோக்கித் தொடர்ந்து செல்கிறது. கதிர் மூடியைத் தொட்டதும், எத்தனை பங்கு எதிரொளிக்கும், எத்தனை பங்கு உள்ளே புகும் என்று அதற்குத் தெரியவேண்டும். இதற்கான சமன்பாடுகளைப் பிரெஞ்சு அறிஞர் பிரெனெல் 1820-களிலேயே தந்துவிட்டார்!

அக்ரிலிக்கின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.5. ஒளி செங்குத்தாக விழும்போது, (1.5 − 1) ÷ (1.5 + 1) = 0.2. இதன் இருமடி 0.04. அதாவது, பரப்பில் எதிரொளிப்பது 4 சதவீதமே. படுகோணம் 60 பாகையானால் சுமார் 9 சதவீதம். 80 பாகையானால் சுமார் 39 சதவீதம்.

எல்லாக் கோணத்துக்கும் 4 என்றே வைத்தால், சாய்வாகப் பார்க்கும்போது மூடி இருப்பதே தெரியாது. 39 என்றே வைத்தால், நேராகப் பார்த்தாலும் உள்ளிருக்கும் இசைத்தட்டு மங்கிவிடும். அளவுகள் இம்மியும் பிசகாவிட்டாலும், படம் பொய்யாகிவிடும்.

இது சிறிய விஷயமன்று. பழைய ரேடியோக்கள் உடைகின்றன. பழைய இரும்புக் கடைக்குப் போகின்றன. நாளைய பிள்ளைகள் பலர் அவற்றைப் படத்தில்தான் காண்பார்கள். அந்தப் படம் உண்மை சொல்லவேண்டாமா?

உங்களுக்கு ஒரு கணக்கு: நீரின் ஒளிவிலகல் எண் 1.33. செங்குத்தாக விழும் ஒளியில் எத்தனை சதவீதம் எதிரொளிக்கும்? விடை கண்டபின் ஒரு குளக்கரையில் நின்று பாருங்கள். காலடியில் தரை தெரிவதும், தொலைவில் வானம் தெரிவதும் ஏன் என்று உங்களுக்கே விளங்கும்.